கூப்பிட்டால் வரும் விமானம்: குரொய்டன் முதல் பலாலி வரை

மோர்டன் பாதாள ரயில் நிலையத்தின் முன்னால் 154ஆம் இலக்க பஸ் வண்டிக்காகக் காத்து நிற்கும் வரிசையில் நம்மவர் இருவர் மூவரை எந்நாளும் காணலாம். சட்டன், வொலிங்ரன் வழியாக மேற்குக் குரொய்டனுக்குச் செல்லும் அந்த வண்டியில், பிளாஸ்ரிக் உறையிலிட்ட கடிதக் கட்டினை மார்போடு அணைத்தபடி ஏறுகின்ற ஒருவரைப் பார்த்து, அவர் எங்கே போகிறார் என்று கேட்க வேண்டியதில்லை. லூனார் ஹவுஸின் வாசலில் அதே கட்டுடன் நின்றவர்களே இக்கட்டுரையின் வாசகர்களிற் பலர், எழுதுபவனும் நின்றவனே. மனிதன் சந்திரனில் இறங்கிய பெருமையை நினைவுகூரப் பெயரிடப்பட்ட கட்டடம் அது. உள்ளே நுழைந்தவர்களுக்குப் பூமியே கைக்கெட்டாத தூரத்திற்குப் போய்விடுகிறது என்பது வேறு கதை.

அந்த பஸ் வண்டி வொலிங்ரனைக் கடந்ததும் ரவுண்ட்ஷோ என்ற குடியிருப்புத் தொகுதியினூடாகச் செல்கின்றது. அங்குள்ள பெரிய தெருவின் பெயர் மொலிசன் ட்றைவ். மொலிசன் என்பவர் 1930களில் பெயர்பெற்ற விமானி. தெருவுக்கு விமானியின் பெயர் எவ்வாறு வந்தது? அந்தக் குடியிருப்பு நிற்கும் நிலம் ஒரு காலத்தில் இலண்டன் மாநகரின் பிரதான விமான நிலையமாக இருந்தது. ஹீத்ரோ வெறும் வயலும் தோட்டமுமாகக் கிடந்த நாட்களில், உலகின் பல திசைகளிலிருந்தும் இலண்டனுக்கு வந்தவர்கள் இங்கேதான் வந்திறங்கினர். விமானக் கட்டுப்பாட்டுக் கோபுரம் என்ற ஏற்பாடு உலகில் முதன்முதலாக 1920இல் குரொய்டனிலேயே உருவானது. ஆபத்திற் சிக்கிய விமானி வானொலியில் எழுப்பும் 'மேய்டே' என்ற கூவலும் இங்கே பணியாற்றிய மொக்ஃபோர்ட் என்ற வானொலி அதிகாரி 1920களில் உருவாக்கியதே. 'உதவிக்கு வாருங்கள்' என்று பொருள்படும் பிரெஞ்சுத் தொடரின் ஒலியை ஆங்கிலக் காதுக்கு ஏற்பத் திருத்தியிருக்கிறார். அடைக்கலம் கேட்கும் குரலுக்கு உலகப் பொதுச்சொல் பிறந்த இடமும், அடைக்கலம் கேட்போரை விசாரிக்கும் அலுவலகம் இருக்கும் இடமும் ஒரே ஊர்.

1928இல் திறக்கப்பட்ட நிலையக் கட்டடம் பேர்லி வீதியில் இன்றும் நிற்கின்றது. அதன் முன்னால் ஹெரன் ரக விமானமொன்றைத் தூக்கி நிறுத்தியிருக்கிறார்கள். அதன் உடலில் 'மோர்ட்டன் எயார் சேர்விசஸ்' என்ற பெயர் தீட்டப்பட்டுள்ளது. இது நமது மோர்டன் அன்று. அந்த நிறுவனத்தைத் தொடங்கிய விமானியின் பெயர். 1959 செப்ரெம்பர் 30இல் விமான நிலையம் மூடப்பட்டபோது கடைசியாக ரொற்றர்டாமுக்குப் பறந்த பயணிகள் சேவை அந்த நிறுவனத்தின் ஹெரன் விமானத்தினுடையதே.

மோர்ட்டன் நிறுவனம் 1953இல் விலைக்கு வாங்கிய பழைய நிறுவனமொன்றுதான் இக்கட்டுரைக்கு முக்கியமானது. அதன் பெயர் ஒல்லி எயார் சேர்விஸ். முதலாம் உலகப் போரிற் போர்விமானியாகவும் பின்னர் இம்பீரியல் எயார்வேய்ஸ் நிறுவனத்தின் விமானியாகவும் இருந்த கோர்டன் ஒல்லி 1934இல் குரொய்டனில் அதனைத் தொடங்கினார். நேர அட்டவணைப்படி பறக்கும் பெரிய விமானங்களோடு போட்டியிடுவது அவர் நோக்கமன்று. வாடிக்கையாளர் எப்போது அழைக்கிறாரோ அப்போது, அவர் சொல்லும் ஊருக்கு, சிறிய விமானமொன்றை அனுப்புவதே அவர் வியாபாரம். குதிரைப் பந்தயத்திற்குச் செல்லும் கனவான்கள், அவசர அலுவலுள்ள வணிகர்கள், படச்சுருளோடு திரும்பவேண்டிய பத்திரிகைப் படப்பிடிப்பாளர்கள் முதலியோர் அவருடைய வாடிக்கையாளராயினர். டிராகன் ரப்பீட் என்ற ஈரிறக்கை விமானம் அந்த வேலைக்கென்றே பிறந்தது போலிருந்தது. ஒட்டுப்பலகையாலும் துணியாலும் ஆன உடல், இரண்டு இயந்திரங்கள், எட்டுப் பேருக்கு மேற்படாத இருக்கைகள். புல்வெளியொன்று கிடைத்தால் இறங்கிவிடும்.

யாழ்ப்பாணப் பஸ் நிலையத்தடியில் ஒஸ்ரின் கார்கள் வரிசையாக நின்ற காலத்தை மூத்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பருத்தித்துறைக்கு ஒரு கார் பிடித்தால், திரும்பிவரும் வெறுங்காருக்கும் சேர்த்தே சாரதி காசு கேட்பார். தெருவில் ஓடும் காருக்குள்ள அதே கணக்குத்தான் வானத்தில் ஓடுவதற்கும் உண்டு, தொகைதான் பன்மடங்கு. விமானம் அழைப்பு வரும்வரை சும்மா நிற்கும். நிற்கும் நேரத்திற்கும் விமானிக்குச் சம்பளம், கொட்டகைக்கு வாடகை, காப்புறுதிக்குத் தவணை. போகும்போது ஆளிருந்தால் வரும்போது வெறுமை. இவ்வளவையும் அழைத்த ஒருவரே சுமக்க வேண்டும். ஆதலால் கூப்பிட்டால் வரும் விமானம் கூப்பிடக்கூடிய வசதி உள்ளவரிடமே வரும்.

அப்படிக் கூப்பிட்டவர்களில் ஒருவர் லூயிஸ் பொலின். மட்ரிட் நகரின் ஏபிசி நாளிதழுக்கு இலண்டன் நிருபர். 1936 யூலையில் அவர் ஒல்லியின் டிராகன் ரப்பீட் ஒன்றை வாடகைக்கு அமர்த்தினார். யூலை 11ஆம் திகதி அது குரொய்டனிலிருந்து கிளம்பியது. விமானி சிசில் பெப். பயணிகளில் ஓய்வுபெற்ற படை அதிகாரி ஒருவரும், அவர் மகளும், மகளின் தோழியும் இருந்தனர். பார்ப்பவர் கண்ணுக்கு அது வெயில் காயப் போகும் உல்லாசக் கூட்டம். உண்மையில் அந்த விமானம் கனேரித் தீவுகளில் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த ஜெனரல் பிராங்கோவை ஏற்றச் சென்றது. யூலை 18இல் லாஸ் பல்மாஸிலிருந்து அவரை ஏற்றி, மறுநாள் மொரோக்கோவில் இருந்த ஸ்பானியப் படையிடம் கொண்டுபோய் இறக்கியது. அடுத்த மூன்றாண்டுகள் ஸ்பெயினில் நடந்ததை உலகம் அறியும். 1939இன் தொடக்கத்தில் ஏறக்குறைய ஐந்து இலட்சம் மக்கள் பனி மூடிய பிரெனீஸ் மலைகளைக் கடந்து பிரான்சுக்குள் அகதிகளாய் நுழைந்தனர். அவர்களை ஏற்ற எந்த வாடகை விமானமும் வரவில்லை. ஒரு பத்திரிகை நிருபர் செய்தி எழுதுவதை விட்டுச் செய்தியை உற்பத்தி செய்யப் புகுந்தால் என்ன ஆகும் என்பதற்கும் இஃதோர் உதாரணம். அந்த விமானம் பிற்காலத்தில் பிராங்கோவுக்கே பரிசளிக்கப்பட்டு, இப்போது மட்ரிட் விமான அரும்பொருட்சாலையில் உள்ளது.

அதே 1939இல் குரொய்டன் வேறு பயணிகளையும் கண்டது. ஜனவரியில் பிராக் நகரிலிருந்து யூதக் குழந்தைகள் சிலரை ஏற்றிய விமானமொன்று இங்கு வந்தது. பின்னர் அறுநூற்றுக்கு மேற்பட்ட பிள்ளைகளை ரயில் வழியே மீட்கக் காரணராயிருந்த நிக்கலஸ் வின்ரன் அந்த விமானத்தருகே ஒரு குழந்தையைத் தூக்கி நிற்கும் படம் பிரபலமானது. மார்ச் 15இல் ஹிட்லரின் படை பிராக்கினுட் புகுந்தது. பின்னர் வானவழியே குரொய்டன் வந்து சேர்ந்த சிலருக்கு அந்த வரவேற்பு வாய்க்கவில்லை. மார்ச் 31இல் செக்கோஸ்லொவாக்கிய யூத அகதிகளைப் பொலிசார் இழுத்துச் சென்று வார்சோ செல்லும் விமானத்தில் ஏற்றினர். அந்தப் படமும் இருக்கின்றது. தொப்பியும் மேலங்கியும் அணிந்த மனிதரைச் சீருடையினர் பிடித்துச் செல்கிறார்கள். அப்படத்தை முதன்முதலாகப் பார்த்த நாளில், ரவுண்ட்ஷோவினூடாக எத்தனையோ தடவை பஸ் வண்டியிற் போய்வந்தும் யன்னலுக்கு வெளியே சரியாகப் பார்க்கவில்லையே என்று எனக்குத் தோன்றியது.

நிற்க. சிறிய விமானம் செல்வருக்கு மட்டுமே உரியதென்று முடிவுகட்டிவிடக் கூடாது. இதே நாட்டின் வடகோடியில் கதை வேறுவிதமாக வளர்ந்தது.

ஸ்கொட்லாந்தில் வில்லி லோகன் என்ற கட்டட ஒப்பந்தக்காரர், தம் நிறுவனத்தின் அலுவல்களுக்காகச் சிறிய விமானமொன்றை வைத்து 1962 பெப்ரவரி 1இல் எடின்பரோவில் ஒரு வான்வாடகைச் சேவையைத் தொடங்கினார். அதுவே லோகனெயர். 1967 முதல் அந்த நிறுவனம் ஓர்க்னித் தீவுகளுக்கிடையே பயணிகளை ஏற்றிச் செல்லலாயிற்று. வெஸ்ற்ரே, பப்பா வெஸ்ற்ரே என்ற இரு தீவுகளுக்கிடையேயுள்ள சேவை உலகிலேயே மிகக் குறுகிய விமானப் பயணம். தூரம் மூன்று கிலோமீற்றருக்கும் குறைவு. அட்டவணையில் இரண்டு நிமிடம். காற்றுத் துணைசெய்த ஒரு நாளில் 53 செக்கனில் முடிந்திருக்கின்றது. பப்பா வெஸ்ற்ரேயில் வாழ்வோர் நூறு பேருக்கும் குறைவு. அந்த நூறு பேருக்காக எட்டுப் பேர் அமரும் ஐலண்டர் விமானம் ஒவ்வொரு நாளும் வந்துபோவது இலாபக் கணக்கில் அடங்காது. ஓர்க்னித் தீவுச் சபை பொதுப்பணத்திலிருந்து ஈடுசெய்கின்றது. ஆசிரியர் அதில் வருகிறார், வைத்தியர் வருகிறார், பல்வலிக்காரர் நகருக்குப் போகிறார். பரா என்ற மற்றொரு தீவில் ஓடுபாதை கடற்கரை மணலே. வற்றுப்பெருக்கு நேரம் பார்த்து அட்டவணை போடுகிறார்கள். 2006 வரை லோகனெயரின் சிறு விமானங்களே இத்தீவுகளின் நோயாளர் காவு வண்டிகளாகவும் இருந்தன.

இதனை வாசிக்கும் தீவுப்பகுதி மக்களுக்கு நெடுந்தீவு ஞாபகம் வரும். குறிகாட்டுவானிலிருந்து ஒரு மணி நேரக் கடல். கச்சான் காற்று வீசும் மாதங்களில் படகு போகுமா என்று துறைமுகத்திற்கு வந்த பின்னரே தெரியும். இரவில் பிரசவ வலி எடுத்த பெண்ணை யாழ்ப்பாணம் கொண்டுசேர்க்கும் பாட்டை அவ்வூரவரைக் கேட்டால் சொல்வர். குமுதினிப் படகின் பெயரைச் சொன்னாலே 1985 மே 15 நெஞ்சில் வந்து நிற்கும். நூறு பேருள்ள தீவுக்குத் தினமும் விமானம் அனுப்பும் நாட்டில் இருந்துகொண்டு, சில ஆயிரம் பேருள்ள தீவுக்கு ஒழுங்கான படகில்லை என்று கேள்விப்படும்போது எழும் எரிச்சலை அடக்குவது கடினம்.

காருக்கும் பஸ்ஸுக்கும் இடையே நமது ஊரில் மூன்றாவதொன்று இருந்தது. அதுதான் தட்டிவான். நேர அட்டவணை கிடையாது. ஆள் சேர்ந்தால் புறப்படும். ஆளுக்கு இவ்வளவு என்று காசு. வானத்திலே தட்டிவான் ஓட்டலாம் என்று அமெரிக்காவில் ஒருவர் நம்பினார். எட் யாக்கொபூச்சி என்ற அவர் ஏற்கனவே கணினித் துறையில் சிற்றிக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கிப் பெயர்பெற்றவர். அவருடைய டேஜெற் நிறுவனம் 2007இல் புளோரிடாவின் சிறு நகரங்களுக்கிடையே மூன்று பயணிகள் அமரும் சிறு ஜெற் விமானங்களைப் பறக்கவிட்டது. முழு விமானத்தையும் எடுக்க வேண்டியதில்லை. ஓர் இருக்கையை மட்டும் வாங்கலாம். காலை எட்டு மணிக்கே போகவேண்டும் என்றால் விலை அதிகம். நண்பகலுக்குள் எப்போதாவது போனால் போதும் என்றால் விலை குறைவு. எந்தப் பயணியை எந்த விமானத்தில் யாரோடு சேர்ப்பது என்பதை இரவோடிரவாகக் கணினி தீர்மானிக்கும். தட்டிவான் கொண்டக்டர் தலைக்குள் போட்ட கணக்கேதான். கணக்குச் சரியாயிருந்தது, ஆனால் அது பலிப்பதற்கு மிகப் பல விமானங்களும், அவற்றை வாங்க மிகப் பெரிய கடனும் வேண்டியிருந்தன. 2008இல் உலக நிதி நெருக்கடி வந்தது. கடன் கிடைக்கவில்லை. செப்ரெம்பரில் டேஜெற் நின்றுபோயிற்று.

இனிப் பலாலிக்கு வருவோம்.

பலாலி ஓடுபாதை இரண்டாம் உலகப் போரில் பிரித்தானிய விமானப் படையால் அமைக்கப்பட்டது. எயார் சிலோன் நிறுவனத்தின் முதலாவது பயணமே இரத்மலானையிலிருந்து பலாலி வழியாகச் சென்னைக்குத்தான் நடந்தது. 1947 டிசெம்பர் 10. 'சீதாதேவி' என்று பெயரிடப்பட்ட டக்கோட்டா விமானம். சுதந்திர இலங்கை பிறப்பதற்கு எட்டு வாரங்கள் முன்னரே யாழ்ப்பாணத்துக்கு வானவழி திறந்திருந்தது. திருச்சிக்குப் போய்ப் புடைவை எடுத்துப் படமும் பார்த்துத் திரும்பியவர்களைப் பற்றி வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் கதைகளை எவ்வளவு தூரம் நம்பலாமென்று தெரியாது. ஆயினும் தேசப்படத்தை எடுத்துப் பார்த்தால் அதிலே நியாயமிருக்கிறது. பலாலியிலிருந்து கொழும்புக்கு வானத்தால் ஏறக்குறைய 330 கிலோமீற்றர். திருச்சிக்கு 185 அளவில்தான். போர் வந்தபின் திருச்சிக்குப் போக விரும்பிய யாழ்ப்பாணத்தவர், முதலில் தெற்கே கொழும்புக்குப் போய், கட்டுநாயக்காவில் ஏறி, தம் வீட்டுக் கூரைக்கு அப்பால் மீண்டும் வடக்கே பறக்க வேண்டியதாயிற்று.

1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் வெளியேறினர். ஓடுபாதையைச் சுற்றியிருந்த பலாலி, வசாவிளான், மயிலிட்டித் தோட்டக் காணிகள் உயர் பாதுகாப்பு வலயமாயின. ஒரு பகுதி இன்னும் உரியவர் கைக்கு வரவில்லை. 1995இன் இறுதியில் படையினர் யாழ்ப்பாணத்தைப் பிடித்த பின்னர், தரைப்பாதை அடைபட்டிருந்த ஆண்டுகளில் பலாலியிலிருந்து இரத்மலானைக்குச் சிறிய விமானங்களில் பொதுமக்களும் செல்ல அனுமதிக்கப்பட்டனர். கூப்பிட்டால் வரும் விமானத்தின் நேர்மாறு அது. நாங்கள் கூப்பிட முடியாது. அனுமதி வந்தால் எம்மைக் கூப்பிடுவார்கள்.

1998 செப்ரெம்பர் 29இல் பலாலியிலிருந்து கிளம்பிய லயன் எயார் நிறுவனத்தின் அன்ரனோவ் விமானம், புறப்பட்ட சிறிது நேரத்தில் மன்னார்க் கடலின்மேல் மறைந்தது. 55 பேர். பயணிகளிற் பெரும்பாலோர் தமிழர். விடுதலைப் புலிகளின் ஏவுகணையால் அது வீழ்த்தப்பட்டதென்பதே பிற்கால விசாரணைகளின் முடிவு. அவ்வேளை சாதாரண தரம் முடித்திருந்த என் வகுப்புத் தோழன் ஒருவனின் சிற்றன்னை அதில் இருந்தார். 14 ஆண்டுகள் உறவினருக்குச் சடலமும் இல்லை, செய்தியும் இல்லை. 2012இல் இரணைதீவுக்கு அப்பால் கடலடியில் விமானத்தின் சிதைவுகள் கண்டெடுக்கப்பட்டன. மீட்கப்பட்ட உடுபுடைவைகளை அடையாளம் காண்பதற்காகப் பின்னர் யாழ்ப்பாணத்திலே மக்கள் பார்வைக்கு வைத்தார்கள். உப்பேறிய ஒரு சட்டையின் முன் நின்று, இது அவருடையதுதானா என்று யோசித்தவர்களின் நிலையை விபரிக்க எனக்கு வல்லமை இல்லை.

2006 ஆகஸ்ற்றில் ஏ-9 பாதை மீண்டும் மூடப்பட்டது. அப்போது நான் பல்கலைக்கழகத்தில் உதவி விரிவுரையாளன். தந்தையாரின் இருதய சிகிச்சைக்குக் கொழும்பு போக வேண்டியிருந்தது. இரு ஆசனங்களுக்கு விண்ணப்பித்து, அலுவலகமொன்றின் சுவரில் ஒட்டப்படும் பெயர்ப் பட்டியலைக் கிழமைக்கு இரு தடவை சைக்கிளிற் சென்று பார்த்துவந்தேன். பட்டியலில் எங்கள் பெயர்கள் வந்த அன்று ஓர் ஆசனமே தேவையாயிருந்தது. அதிலும் நான் ஏறவில்லை. எட்டுச் செலவு முடிந்திருக்கவில்லை.

போரின் பின்னர் இலங்கையில் கூப்பிட்டால் வரும் விமானமும் வந்தது. 2013 முதல் சினமன் எயார் நிறுவனம் நீரிலும் நிலத்திலும் இறங்கும் எட்டிருக்கைச் செஸ்னா விமானங்களில் சீகிரியாவுக்கும் திருகோணமலைக்கும் தென்கரைக்கும் விருந்தினரைக் கொண்டு செல்லத் தொடங்கியது. விடுதி அறைக்குப் பெருந்தொகை கொடுக்கும் உல்லாசப் பயணிக்கு அது பொருத்தமானது. நமக்குப் பொருந்துவது பலாலியில் நடந்தது. 2019 ஒக்ரோபர் 17இல் அது யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. நவெம்பர் 11இல் இந்தியாவின் அலையன்ஸ் எயார் சென்னைச் சேவையைத் தொடங்கியது. கொரோனா வந்து 2020 மார்ச்சில் நிறுத்தி, 2022 டிசெம்பர் 12இல் மீண்டும் தொடங்கினார்கள். 2024 செப்ரெம்பர் 1இல் இன்டிகோ சென்னையிலிருந்தும், 2025 மார்ச் 30இல் திருச்சியிலிருந்தும் பறக்கத் தொடங்கியது. எல்லாம் எழுபது எண்பது பேர் அமரும் சுழல்விசிறி விமானங்கள். தட்டிவானுமில்லை, வாடகைக் காருமில்லை, சிறிய பஸ்.

இந்தச் சிறிய பஸ்ஸின் அருமையை நான் அறிந்தது மோர்டனில்தான். எங்கள் தெருவில் வசிக்கும் அன்பர் ஒருவர் 17 ஆண்டுகளாகத் தாயைக் காணாதவர். அகதி அந்தஸ்து கிடைத்தவருக்கு வழங்கப்படும் பயணப் பத்திரத்தில் எல்லா நாடுகளுக்கும் செல்லலாம், இலங்கை தவிர, என்று அச்சிட்டிருக்கும். தாய்க்கு 78 வயது. கொழும்புவரை இரவு முழுதும் பஸ்ஸில் இருந்துவிட்டுக் கட்டுநாயக்காவில் வரிசையில் நிற்க அந்த உடம்பால் ஆகாது. மகனுக்கு இந்திய விசா கிடைக்க ஏழு மாதமாயிற்று. சென்ற ஆண்டு அவர் இலண்டனிலிருந்து திருச்சிக்குப் போனார். தாய் தெல்லிப்பழையிலிருந்து ஓட்டோவிற் பலாலிக்குப் போய் விமானம் ஏறினார். வாழ்க்கையில் முதலாவது விமானப் பயணம்.

திரும்பி வந்த அன்பரிடம் கேட்டேன். "அண்ணை, அம்மா வெளியாலை வந்தவுடனை என்னைப் பாக்கேல்லை" என்றார். "பக்கத்திலை வந்த பொம்பிளையோடை கதைச்சுக்கொண்டு வந்தா. தேத்தண்ணி குடிச்சு முடிக்க முதல் இறங்கச் சொல்லிப்போட்டாங்கள், இவ்வளவு கிட்டவோ தம்பி எண்டு பேந்துதான் என்னைக் கேட்டா."

திருச்சியில் ஒன்பது நாட்கள். தாய் திரும்பிப் போகும் காலையில் பயணப்பொதி நிறை கூடிவிட்டதாம். மகன் கொண்டுபோன கம்பளி மேலங்கியை வெளியே எடுத்து வைத்துவிட்டு, கோயில் விபூதியையும் முறுக்குப் பெட்டியையும் தாய் கொண்டுபோனார். அந்த மேலங்கி இப்போது மோர்டனில் அவர் வீட்டுக் கதவின் பின்னால் தொங்குகின்றது. விசாவுக்கு மறுபடியும் விண்ணப்பித்திருக்கிறார்.